உஷார்! சர்வர் ரூம் சாவி இன்டர்நெட்டில் தொங்குகிறது

மேலே படிப்பதற்கு முன் ஒரு காரியம் செய்துவிடுங்கள். போனில் ஆபீஸ் வைஃபையை அணைத்துவிட்டு, மொபைல் டேட்டாவில் பிரவுசரைத் திறந்து, உங்கள் நிறுவனத்தின் பப்ளிக் ஐபி முகவரிகளை ஒவ்வொன்றாக அடித்துப் பாருங்கள். ரவுட்டரில் யாராவது 8443, 4443 என்று போர்ட்டைத் திருப்பிவிட்டிருந்தால் அதையும் சேர்த்து அடியுங்கள். 'இந்தத் தளம் பாதுகாப்பானது அல்ல' என்ற எச்சரிக்கையைத் தாண்டியதும் ஐலோ, ஐட்ராக், ஆன்போர்டு அட்மினிஸ்ட்ரேட்டர், சேஸிஸ் மேனேஜ்மென்ட் கன்ட்ரோலர் என்று ஏதாவதொரு பெயரும் கீழே ஒரு லாகின் கட்டமும் வந்து நிற்கிறதா? அப்படியானால் இந்தக் கட்டுரையை மூடிவைத்துவிட்டு முதலில் ஃபயர்வாலில் அந்த வழியை அடைத்துவிடுங்கள். மீதியைச் சாயந்திரம் படித்துக்கொள்ளலாம்.

'அது வெறும் செட்டிங்ஸ் பக்கம்தானே' என்ற நினைப்பில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். சர்வர் மதர்போர்டில் பிஎம்சி என்ற குட்டிக் கம்ப்யூட்டர் ஒன்று தனியாக உட்கார்ந்திருக்கிறது. தனி பிராசஸர், தனி மெமரி, தனி ஃபர்ம்வேர், தனி நெட்வொர்க் முகவரி எல்லாம் அதற்கு உண்டு. எச்பி அதற்கு ஐலோ என்று பெயர் வைத்தது. டெல் ஐட்ராக் என்கிறது, லெனோவோ எக்ஸ்கிளாரிட்டி கன்ட்ரோலர் என்கிறது. பெயர் எதுவானாலும் சங்கதி ஒன்றே. சர்வரை ஷட்டவுன் செய்தாலும் இது தூங்காது; பவர் இருக்கும்வரை விழித்திருக்கும். மேலே ஓடுவது விண்டோஸா, லினக்ஸா, ஒன்றுமே இல்லையா என்பது பற்றி இதற்குக் கவலை கிடையாது.

இதற்குள் நுழைந்தவர் என்னவெல்லாம் செய்யலாம்? பவர் பட்டனை அழுத்தலாம். சர்வர் பூட் ஆவதை முதல் வரியிலிருந்து திரையில் பார்க்கலாம், பயாஸுக்குள் போகலாம். தன் லேப்டாப்பில் இருக்கும் ஒரு ஐஎஸ்ஓ ஃபைலைச் சர்வரில் டிவிடி போட்ட மாதிரி மாட்டி, அதிலிருந்து பூட் செய்து, ரூட் பாஸ்வேர்டை மாற்றலாம், டிஸ்க்கை மொத்தமாக அழிக்கலாம். ஆன்டிவைரஸ் இதைப் பிடிக்காதா என்று கேட்காதீர்கள். ஆன்டிவைரஸ் ஆபரேட்டிங் சிஸ்டத்துக்குள் இருந்து காவல் காக்கிறது. அடித்தளத்தில் நடப்பது அதன் கண்ணில் படாது. சுருக்கமாக, அந்த லாகின் பக்கத்தைத் தாண்டியவர் உங்கள் சர்வர் ரூமுக்குள் கீபோர்டும் மானிட்டரும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ரூமுக்கு விரல்ரேகைப் பூட்டு, வாசலில் செக்யூரிட்டி, மூலைக்கு மூலை கேமரா எல்லாம் போட்டுவிட்டு இதை இன்டர்நெட்டில் விட்டால் அந்தச் செலவெல்லாம் வீண்.

பதினாறுக்கும் ஒரே வாசல்

தனி சர்வரில் இந்தக் கதி என்றால், பிளேடு சர்வரில் இன்னும் மோசம். எச்பியின் சி7000 சேஸிஸை எடுத்துக்கொள்ளுங்கள். 2006இல் வந்தது, நம் டேட்டா சென்டர்களிலும் கல்லூரிகளிலும் இன்றைக்கும் ஃபேன் இரைச்சலோடு ஓடிக்கொண்டிருக்கிற மாடல். ரேக்கில் 10யூ உயரம், அதற்குள் பாதி உயர பிளேடுகள் 16. ஒவ்வொரு பிளேடுக்கும் தனி ஐலோ. ஆனால் அந்த 16 ஐலோவுக்கும் வெளியுலகத்துக்கு இருக்கும் வழி ஒன்றே ஒன்றுதான்: சேஸிஸின் பின்பக்கம் இருக்கும் ஆன்போர்டு அட்மினிஸ்ட்ரேட்டர் மாட்யூலின் நெட்வொர்க் போர்ட். அந்த ஒரு கேபிளை எந்த ஸ்விட்ச்சில் செருகுகிறீர்களோ, 16 சர்வரின் உயிர்நாடியும் அங்கேதான் போய் விழுகிறது.

அதோடு போகவில்லை. ஆன்போர்டு அட்மினிஸ்ட்ரேட்டரில் அட்மினாக நுழைந்தவர் இடதுபக்கப் பட்டியலில் எந்த பிளேடையாவது தேர்ந்தெடுத்து ஐலோவை கிளிக் செய்தால் போதும். தனியாக பாஸ்வேர்டு கேட்காமலே உள்ளே விடும். நிர்வாகிக்கு இது பெரிய வசதி, மறுக்கவில்லை. ஒவ்வொரு பிளேடுக்கும் பாஸ்வேர்டு தேடிக்கொண்டிருந்தால் நடுராத்திரியில் வேலை நடக்காது. அதே வசதி திருடனுக்கும் உண்டு என்பதைத்தான் மறந்துவிடுகிறோம். சர்வர் சர்வராகத் தாவ அவன் மெனக்கெட வேண்டாம். டெல்லின் எம்1000இ சேஸிஸ், சிஸ்கோவின் யூசிஎஸ், ஐபிஎம்மின் பழைய பிளேடுசென்டர் எல்லாவற்றிலும் கட்டமைப்பு வேறுபடும், ஆனால் ஒற்றைப் பக்கத்திலிருந்து மொத்தத்தையும் ஆள்வதுதான் அவற்றின் விற்பனைச் சிறப்பே.

பாஸ்வேர்டு விஷயத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். டெல்லில் வெகுகாலம் யூசர்நேம் 'ரூட்', பாஸ்வேர்டு 'கால்வின்'. சூப்பர்மைக்ரோவில் இரண்டுமே 'அட்மின்', பெரிய எழுத்தில். பிளேடுசென்டரில் யூசர்நேம் 'யூசர்ஐடி'; பாஸ்வேர்டு, ஆங்கிலத்தில் 'பாஸ்வேர்டு' என்ற அதே சொல், நடுவில் ஓ எழுத்துக்குப் பதிலாகப் பூஜ்யம். இவை ரகசியமே அல்ல, உலகறிந்த சங்கதி. 2020 ஜனவரியிலிருந்து கலிபோர்னியாவில் பொதுவான தொழிற்சாலை பாஸ்வேர்டுக்குத் தடை வந்த பிறகுதான் கருவிக்குக் கருவி வேறு பாஸ்வேர்டு என்பது பரவலானது. அதற்கு முன் வாங்கியவற்றில் பழையது அப்படியே இருக்கிறதா என்று பார்க்க வேண்டியது உங்கள் தலைமேல்.

எச்பி ஆரம்பத்திலிருந்தே இதில் கொஞ்சம் மேல். ஒவ்வொரு சர்வருக்கும் வெவ்வேறு 8 எழுத்து பாஸ்வேர்டை ஒரு சின்ன டேக்கில் அச்சடித்துத் தொங்கவிடும். நம் ஆட்கள் என்ன செய்கிறார்கள்? இன்ஸ்டாலேஷன் அன்றைக்கு அந்த டேக்கை போட்டோ எடுத்து, வெண்டரின் பையன் உட்பட 15 பேர் இருக்கும் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிடுகிறார்கள். அந்த வேலையை விட்டுப் போனவர்கள் போனிலும் அது இன்னும் இருக்கும்.

கேட்டாலே கொடுத்துவிடும் பிஎம்சி

பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன், இனி பயமில்லை என்று நிமிர்ந்து உட்காராதீர்கள். இந்த பிஎம்சிகள் வெளியாரோடு பேசும் பழைய மொழி ஐபிஎம்ஐ. 1998இல் இன்டெல், டெல், எச்பி, என்இசி நான்கும் சேர்ந்து கொண்டுவந்தது. இரண்டாம் பதிப்பு 2004. நெட்வொர்க்கில் யூடிபி 623 போர்ட்டில் இது காது கொடுத்துக் காத்திருக்கும். 2013இல் டான் ஃபார்மர் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் இதைத் தோண்டியபோது வெளிவந்தது தலையில் அடித்துக்கொள்ள வைக்கும் விஷயம். யூசர்நேமை மட்டும் சொல்லி லாகின் செய்யத் தொடங்கினால் போதும், நீங்கள் யார் என்று உறுதியாகும் முன்பே, அந்தக் கணக்கின் பாஸ்வேர்டிலிருந்து உருவான ஹேஷை பிஎம்சியே எடுத்து நீட்டிவிடும். அதை வீட்டுக்கு எடுத்துப்போய், சாவகாசமாக கிராபிக்ஸ் கார்டில் போட்டு உடைக்கலாம். மூன்று முறை தப்பானால் பூட்டிக்கொள்வது போன்ற காவல் எதுவும் அங்கே வேலை செய்யாது, ஏனென்றால் உடைப்பது உங்கள் சர்வரில் நடக்கவில்லை.

எச்பி டேக்கில் வரும் அந்த 8 எழுத்தையே எடுத்துக்கொள்வோம். பெரிய எழுத்து 26, எண் 10 என்று வைத்தாலும் மொத்தம் சுமார் 2.8 லட்சம் கோடி சேர்க்கைகள். கேட்க மலைப்பாக இருக்கும். நல்ல கிராபிக்ஸ் கார்டுக்கு அது ஒரு மதியப் பொழுதுக்கான வேலைகூட இல்லை.

இது ஒரு கம்பெனி செய்த தப்பாக இருந்தால் பேட்ச் போட்டுச் சரிசெய்திருப்பார்கள். ஐபிஎம்ஐ 2.0 நெறிமுறையே அப்படி எழுதப்பட்டது. நெறிமுறையைப் பின்பற்றுகிறவரை ஓட்டை இருக்கும். இதற்கு மருந்து ஒன்றுதான்: 'ஐபிஎம்ஐ ஓவர் லேன்' என்ற செட்டிங்கை அணைப்பது. நிறைய மானிட்டரிங் மென்பொருள்கள் அதை நம்பியிருப்பதால் அணைக்கத் தயங்குவார்கள். ரெட்ஃபிஷ் என்ற புது வழி 2015இலேயே வந்துவிட்டது. சர்வர் ஓரளவு புதியதென்றால் அதற்கு மாறச் சொல்லுங்கள். பழைய சர்வர்தான், மாற முடியாது என்றால் 20 எழுத்து பாஸ்வேர்டு வையுங்கள். ஐபிஎம்ஐ அதற்குமேல் தாங்காது.

கேபிளே செருகவில்லையே, பிஎம்சி எப்படி வெளியே வரும் என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். பிளேடு அல்லாத சூப்பர்மைக்ரோ சர்வர்கள் பலவற்றில் ஐபிஎம்ஐக்கான தனி போர்ட் காலியாக இருந்தால், அது தானாகவே முதல் லேன் போர்ட்டைப் பங்குபோட்டுக்கொள்ளும். நீங்கள் வெப்சைட் ஓட்ட வைத்த அதே கேபிளில், நீங்கள் கேட்காமலே இதுவும் போய் டிஹெச்சிபியில் முகவரி வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிடும். பிளேடு சேஸிஸுக்குப் பக்கத்து ரேக்கில் இப்படியொன்று இருந்தால், இரண்டுக்கும் ஒரே பாஸ்வேர்டு வைத்திருந்தால், முடிந்தது கதை. காரணம், ஐபிஎம்ஐ வேலை செய்ய பிஎம்சி உள்ளே பாஸ்வேர்டைத் திரும்ப எடுக்கக்கூடிய வடிவில் வைத்திருந்தாக வேண்டும். ஒன்றிலிருந்து உருவினால் எல்லாவற்றுக்கும் ஆகும்.

29 எழுத்தில் திறந்த கதவு

2017 ஆகஸ்டில் எச்பிஇ (எச்பியிலிருந்து பிரிந்த சர்வர் நிறுவனம்) ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. சிவிஇ-2017-12542. ஐலோ 4இல், அதாவது ஜென்8, ஜென்9 சர்வர்களில், சி7000க்குள் இருக்கும் பிஎல்460சி ஜென்8, ஜென்9 பிளேடுகள் உட்பட, பாஸ்வேர்டே இல்லாமல் உள்ளே நுழையும் வழி. ஆய்வாளர்கள் விவரம் வெளியிட்டபோது ஊரே வாய் பிளந்தது: பிரவுசர் அனுப்பும் கோரிக்கையின் ஒரு தலைப்பு வரியில் ஆங்கில 'ஏ' எழுத்தை 29 முறை வைத்தால் ஐலோ திறந்துகொள்கிறது. ஆயுதம் வேண்டாம், அறிவு வேண்டாம், ஒரு வரி கட்டளை போதும். 2.53 பதிப்பு ஃபர்ம்வேரில் அடைத்தார்கள். உங்கள் ஐலோ 4 பக்கத்தின் முகப்பிலேயே ஃபர்ம்வேர் எண் இருக்கும். 2.53க்குக் கீழே எந்த எண் தெரிந்தாலும் இன்றைக்கு வேறு வேலை பார்க்காதீர்கள்.

அடுத்த ஏப்ரலிலேயே பலன் தெரிந்தது. இன்டர்நெட்டில் திறந்துகிடந்த ஐலோ 4 லாகின் பக்கங்களில் வழக்கமான வரவேற்புக்கு மேலே ஒரு பாதுகாப்பு அறிவிப்பு தொங்கியது: ஹார்ட் டிஸ்க் பூட்டப்பட்டுவிட்டது, 2 பிட்காயின் அனுப்பு. லாகின் பக்கத்தில் நிறுவனம் தன் சட்ட எச்சரிக்கையைப் போட்டுக்கொள்வதற்கென்று ஐலோ கொடுத்திருக்கும் வசதியையே கொள்ளைக்காரர்கள் நோட்டீஸ் பலகையாக்கிவிட்டார்கள். உள்ளே செய்ததும் நான் முன்னே சொன்னதைத்தான்: தூரத்திலிருந்து ஐஎஸ்ஓவை மாட்டி, அதன் வழியாக டிஸ்க்கில் கை வைத்தார்கள். அதே ஆண்டு ஜங்கிள்செக் என்ற ரான்சம்வேர் ஐபிஎம்ஐ வழியாக லினக்ஸ் சர்வர்களில் புகுந்தது. சர்வரை ரீபூட் செய்து, சிங்கிள் யூசர் மோடில் ரூட்டைப் பிடித்து, ஃபைல்களைப் பூட்டினார்கள். சிக்கியவர்களில் ஒருவர் தொழிற்சாலை பாஸ்வேர்டை மாற்றாதவர். இன்னொருவர், அட்மின் கணக்கையே முடக்கிவைத்திருந்தும் உள்ளே வந்துவிட்டார்கள் என்றார்.

இவையெல்லாம் பணத்துக்கு. 2021 டிசம்பரில் ஈரானின் அம்ன்பர்தாஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்டது வேறு ரகம், எனக்குத் தனிப்பட்ட முறையில் தூக்கத்தைக் கெடுத்தது இதுதான். ஐலோப்ளீட் என்று பெயர் வைத்தார்கள். ஐலோவின் ஃபர்ம்வேருக்குள்ளேயே குடிபுகுந்த தீநிரல். டிஸ்க்கை அழிக்கும். நீங்கள் ஆபரேட்டிங் சிஸ்டத்தைத் திரும்பப் போட்டு நிமிர்வீர்கள், மறுபடியும் அழிக்கும். ஹார்ட் டிஸ்க்கையே மாற்றினாலும் பயனில்லை, அது டிஸ்க்கில் இல்லவே இல்லை. சரி, ஃபர்ம்வேரைப் புதுப்பித்துவிடலாம் என்று பிரவுசரில் புது ஃபைலை ஏற்றுவீர்கள். அப்டேட் நடப்பதுபோலக் காட்டும். கடைசியில் புதிய பதிப்பு எண்ணும் வந்து நிற்கும். லாகிலும் அப்டேட் வெற்றி என்று எழுதியிருக்கும். உள்ளே ஒன்றும் மாறியிருக்காது. அப்டேட்டையே நடித்துக் காட்டும் வேலை அது.

கண்டுபிடிக்க ஒரு சின்னத் துப்பு இருந்தது. இடைப்பட்ட பதிப்புகளில் எச்பிஇ ஐலோ பக்கத்தின் தோற்றத்தை மாற்றியிருந்தது. தீநிரல் எண்ணை மட்டும் புதிதாகக் காட்டியது. பக்கத்தின் முகம் பழைய பதிப்பின் முகமாகவே இருந்தது. எண் புதுசு, கோலம் பழசு. ஆகவே அப்டேட் முடிந்ததும் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு டிக்கெட்டை குளோஸ் செய்யாதீர்கள். பக்கம் எப்படி இருக்க வேண்டுமோ அப்படி இருக்கிறதா என்று பக்கத்து பிளேடோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இன்னொன்றும் உண்டு: ஐலோ 4ஐப் பழைய ஓட்டை ஃபர்ம்வேருக்கு இறக்க முடியும். அப்டேட் செய்தது செய்தபடியே நிற்கும் என்ற உத்தரவாதம் கிடையாது. உள்ளே அட்மின் உரிமை கிடைத்தவன் முதலில் பின்னோக்கி இறக்கிவிட்டு, பிறகு தன் வேலையைத் தொடங்குவான்.

பழைய சர்வர்களின் பிரச்சினைதானே, எங்களுடையது புதுசு என்கிறவர்களுக்கு 2025 பதில் சொல்லிவிட்டது. ஏஎம்ஐ நிறுவனத்தின் மெகாராக் என்ற பிஎம்சி மென்பொருளைப் பல சர்வர் தயாரிப்பாளர்கள் வாங்கித் தங்கள் பெயரில் போடுகிறார்கள். அதில் லாகினையே தாண்டிப்போகும் ஓட்டை ஒன்றை எக்லிப்சியம் என்ற நிறுவனம் கண்டுபிடித்தது. சிவிஇ-2024-54085, ஆபத்து மதிப்பெண் 10க்கு 10. மார்ச்சில் பேட்ச் வந்தது. ஜூனில் அமெரிக்காவின் சைபர் பாதுகாப்பு அமைப்பான சிஐஎஸ்ஏ, உண்மையிலேயே தாக்குதலில் பயன்படுகிற ஓட்டைகளுக்கென்று வைத்திருக்கும் பட்டியலில் இதைச் சேர்த்தது. அந்தப் பட்டியலில் இடம்பெற்ற முதல் பிஎம்சி ஓட்டை இதுதான். உங்கள் சர்வரின் பெட்டியில் ஏஎம்ஐ என்ற பெயர் எங்கேயும் இருக்காது. வெண்டரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அதே சிஐஎஸ்ஏ 2023 ஜூன் 13 அன்று அமெரிக்க மத்திய அரசுத் துறைகளுக்கு ஓர் உத்தரவு போட்டது. ஐலோ, ஐட்ராக் மாதிரியான நிர்வாகப் பக்கங்கள் இன்டர்நெட்டில் தென்பட்டால், தெரியவந்த 14 நாட்களுக்குள் எடுத்துவிட வேண்டும் அல்லது கடுமையான நுழைவுக் கட்டுப்பாட்டுக்குப் பின்னால் வைக்க வேண்டும். அவர்கள் பெரிய இயந்திரம், 14 நாள் கேட்டுக்கொண்டார்கள். இரண்டு சேஸிஸ் வைத்திருக்கும் கல்லூரிக்கும் கூட்டுறவு வங்கிக்கும் எதற்கு 14 நாள்?

மூலையில் ஒரு பழைய விண்டோஸ் 7

பிளேடு சேஸிஸ் வைத்திருக்கும் எந்த ஆபீஸுக்கும் போய்ப் பாருங்கள். மூலையில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருக்கும். மேலே 'தொடாதே' என்று ஸ்கெட்ச் பேனாவில் எழுதி ஒட்டியிருப்பார்கள். விண்டோஸ் 7, இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர், பழைய ஜாவா. ஏன்? பழைய நிர்வாகப் பக்கங்களின் கன்சோல் ஜாவாவில் எழுதப்பட்டது. இப்போதைய பிரவுசர்கள் ஜாவா ஆப்லெட்டை ஓட்டாது. சில பக்கங்களின் பழைய டிஎல்எஸ்ஸைப் பார்த்தே பின்வாங்கிவிடும். ஃபர்ம்வேரைப் புதுப்பித்தால் பலவற்றில் ஹெச்டிஎம்எல்5 கன்சோல் கிடைக்கும், ஐலோ 4க்கே கிடைக்கிறது. ஆனால் ஓடுகிற வண்டியில் கை வைக்க யாருக்கும் மனசு வராது. ஆகவே ஒரு பழைய பிசியை அப்படியே பதப்படுத்தி வைத்துக்கொள்கிறார்கள். ஜாவா செக்யூரிட்டியைக் கீழே இறக்கி, விதிவிலக்குப் பட்டியலில் சேஸிஸ் முகவரியைச் சேர்த்து, சான்றிதழ் எச்சரிக்கை வந்தால் கண்ணை மூடிக்கொண்டு கன்டினியூ அடித்து.

யோசித்துப் பாருங்கள். நிறுவனத்திலேயே அதிக அதிகாரம் உள்ள 16 லாகின்களுக்குப் போகும் வழி, நிறுவனத்திலேயே பாதுகாப்பு குறைந்த கம்ப்யூட்டர். அதில்தான் மத்தியானம் யாராவது பென்டிரைவ் செருகிப் பிரின்ட் எடுப்பார்கள். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டும் அங்கேயே இருக்கும். அந்த பிசியை உடனே தூக்கிப்போடச் சொன்னால் நடக்காது என்று தெரியும். குறைந்தபட்சம் அதற்கு இன்டர்நெட்டை வெட்டுங்கள், ஆபீஸ் நெட்வொர்க்கிலிருந்து பிரியுங்கள், சேஸிஸ் தவிர வேறு எதையும் அது தொடாதபடி ஃபயர்வாலில் எழுதுங்கள். பாஸ்வேர்டுகளை பாஸ்வேர்டு மேனேஜருக்கு மாற்றுங்கள்.

சான்றிதழ் எச்சரிக்கையைப் பார்த்துப் பார்த்து மரத்துப்போன கண் ஒரு தனி ஆபத்து. தினமும் சிவப்புப் பக்கத்தைத் தாண்டிப் பழகியவர், ஒருநாள் நடுவில் ஒருவன் போலிப் பக்கம் வைத்தாலும் அதே வேகத்தில் தாண்டுவார். உங்கள் நிறுவனத்துக்கென்று சான்றிதழ் வழங்கும் சர்வர் இருந்தால் சேஸிஸுக்கும் ஐலோவுக்கும் அதிலிருந்து ஒன்று போட்டுவிடுங்கள். அரை நாள் வேலை.

திருடன் மட்டுமல்ல, நம் விரலும்

சேஸிஸ் பக்கத்தில் 16 பிளேடுகளும் ஒரே மாதிரிப் பட்டைகளாக வரிசையில் நிற்கும். பே 7இல், அதாவது 7ஆம் ஸ்லாட்டில், இருப்பது டெஸ்ட் சர்வர், பே 8இல் பில்லிங் டேட்டாபேஸ். விர்ச்சுவல் பவர் மெனுவில் ஒருமுறை அழுத்துவது, அழுத்திப் பிடிப்பது, கோல்டு பூட், ரீசெட் நான்கும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும். முதலாவது ஆபரேட்டிங் சிஸ்டத்திடம் சொல்லிவிட்டு அணைக்கும். மற்றவை சொல்லாமல் கொள்ளாமல் கழுத்தைப் பிடிக்கும். 'நிச்சயமா?' என்று ஒரு பெட்டி கேட்கும்தான். அதில் சர்வரின் பெயரைப் படித்துவிட்டு ஓகே அடிக்கிறவர் எத்தனை பேர்?

ஒவ்வொரு பேயிலும் சர்வர் பெயரைக் கண்டிப்பாக நிரப்புங்கள். பெயர் காலியாக இருந்தால் வெறும் சீரியல் எண்தான் தெரியும். அதை வைத்து அதிகாலையில் யாராலும் அடையாளம் காண முடியாது. கழற்றி மாட்ட ஆள் ரேக் பக்கத்தில் நிற்கிறார் என்றால், முதலில் யூஐடி விளக்கைப் போடுங்கள். அந்த பிளேடில் நீல விளக்கு எரிகிறதா என்று போனில் கேட்டு உறுதி செய்த பிறகு கை வைக்கச் சொல்லுங்கள். ஹெல்ப்டெஸ்க்கில் இருப்பவருக்கு வெறும் பார்க்கும் உரிமையும், சீனியர் இருவருக்கு மட்டும் பவர் உரிமையும் கொடுத்தால் பாதி விபத்து நடக்காது. ஆன்போர்டு அட்மினிஸ்ட்ரேட்டரில் பே வாரியாகவே உரிமை பிரித்துக் கொடுக்கலாம், ஆனால் அதைப் பயன்படுத்துகிற இடங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

பாதுகாப்பு ஸ்கேன் செய்கிறேன் பேர்வழி என்று இறங்குபவர்களும் ஜாக்கிரதை. 2014 ஏப்ரலில் ஹார்ட்ப்ளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிவந்ததும் உலகம் முழுக்கத் தங்கள் நெட்வொர்க்கை ஸ்கேன் செய்தார்கள். ஐலோ 2இல் ஹார்ட்ப்ளீட் ஓட்டை இல்லை. ஆனால் ஸ்கேன் பட்டதுமே அது செத்து உறைந்துவிட்டது. மீட்க ஒரே வழி மின்சாரத்தை முழுக்கத் துண்டிப்பது. பிளேடில் அதற்கு அர்த்தம், ஓடுகிற பிளேடை ஸ்லாட்டிலிருந்து உருவி மாட்டுவது, அல்லது ஆன்போர்டு அட்மினிஸ்ட்ரேட்டரிலிருந்து அந்த ஸ்லாட்டின் மின்சாரத்தை வெட்டி விடுவது. எப்படியானாலும் மேலே ஓடிய சர்வர் விழும். பழைய பிஎம்சிகள் இருக்கும் இடத்தில் ஸ்கேனர் விடுவதென்றால் பராமரிப்பு நேரம் வாங்கிக்கொண்டு, ஒன்றில் சோதித்துவிட்டு மற்றவற்றுக்குப் போங்கள்.

எங்கே வைப்பது, எப்படி நுழைவது

நிர்வாக போர்ட்டுகளுக்கென்று தனி விலேன். அங்கே நுழைய விபிஎன், விபிஎன்னுக்கு ஓடிபி, உள்ளே ஒரே ஒரு ஜம்ப் சர்வர். இதைத்தான் எல்லோரும் சொல்வார்கள், சரிதான். சொல்லாமல் விடுவது ஒன்று இருக்கிறது. உங்கள் விபிஎன் சர்வர் எங்கே ஓடுகிறது? லாகின் சரிபார்க்கும் ஆக்டிவ் டைரக்டரி எங்கே ஓடுகிறது? பல இடங்களில் இரண்டும் அதே பிளேடுகளில் ஓடும் விர்ச்சுவல் மெஷின்கள். சேஸிஸ் விழுந்தால் விபிஎன்னும் விழும். சேஸிஸை எழுப்ப உள்ளே போக விபிஎன் வேண்டும். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் மணிக்கணக்கில் உலகம் முழுக்க முடங்கியபோது, அவசரத்துக்கென்று வைத்திருந்த தனி நிர்வாக நெட்வொர்க்கும் சேர்ந்தே கைவிட்டது. பொறியாளர்களை டேட்டா சென்டருக்கு நேரில் அனுப்ப வேண்டியதாயிற்று. அவ்வளவு பெரிய கம்பெனிக்கே அப்படி. விபிஎன்னை ஃபயர்வால் பெட்டியிலேயே வையுங்கள். சேஸிஸில் ஒரு லோக்கல் கணக்கு, நீளமான பாஸ்வேர்டோடு, உறையில் போட்டு லாக்கரில்.

ஐலோவின் ரிமோட் கன்சோல் 17990, விர்ச்சுவல் மீடியா 17988 என்ற போர்ட்டுகளில் ஓடும். 443ஐ அடைத்துவிட்டு இவற்றையும் 623ஐயும் விட்டுவிடும் ஃபயர்வால்கள் உண்டு. லாகை வெளியே ஒரு சிஸ்லாக் சர்வருக்கு அனுப்புங்கள். உள்ளே புகுந்தவன் முதலில் அழிப்பது உள்ளேயிருக்கும் லாகைத்தான். இதில் சட்டமும் இருக்கிறது. 2022 ஏப்ரல் 28 அன்று இந்திய அரசின் சிஇஆர்டி-இன் அமைப்பு வெளியிட்ட உத்தரவுப்படி லாகுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும், அத்துமீறல் தெரியவந்தால் 6 மணி நேரத்துக்குள் அவர்களிடம் புகார் செய்ய வேண்டும். லாகே இல்லாமல் 6 மணி நேரத்தில் என்ன எழுதிக் கொடுப்பீர்கள்?

கடைசியாகப் பழைய சாமான். ரீஃபர்பிஷ்டு சேஸிஸ் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்குகிறீர்களா? முன்பு அதை வைத்திருந்தவர் யார், பிஎம்சிக்குள் என்ன விட்டுவிட்டுப் போனார் என்பது உங்களுக்குத் தெரியாது. 2019இல் ஐபிஎம்மின் கிளவுடில், ஒரு வாடிக்கையாளர் விட்டுப்போன சர்வரின் பிஎம்சி ஃபர்ம்வேர் துடைக்கப்படாமலே அடுத்தவருக்குப் போகிறது என்று எக்லிப்சியம் காட்டியது. கிளவுடிலேயே அந்த நிலை என்றால் கடைத்தெரு சரக்கைச் சொல்ல வேண்டாம். வந்ததும் நெட்வொர்க்கில் செருகாமல், ஒரு லேப்டாப்பை நேராக இணைத்து, எல்லாக் கணக்கையும் அழித்து, ஃபேக்டரி ரீசெட் செய்து, தயாரிப்பாளரின் தளத்திலிருந்து எடுத்த ஃபர்ம்வேரை ஏற்றிய பிறகே ரேக்கில் ஏற்றுங்கள். விற்பவராக இருந்தால் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றினால் போதும் என்று நினைக்காதீர்கள். போர்டிலேயே உங்கள் பாஸ்வேர்டு இருக்கிறது. ரீசெட் செய்யுங்கள், ஆன் ஆகவே மாட்டேன் என்கிற செத்த பிளேடு என்றால் எடைக்குப் போடாமல் போர்டை உடைத்துவிட்டு, அதே பாஸ்வேர்டு வேறெங்கெல்லாம் புழங்குகிறதோ அங்கெல்லாம் அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.